ஒருமுறை ஏற்றினால் போதுமா?

"கோப்பை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும்; அதன் பிறகு எண்ணைச் சொன்னாலே மாதிரி வாசித்துக்கொள்ளும்."

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தமது நிரல்களோடு இணைத்து வேலை செய்யும் நம்மவர் வாயில் இப்போது அடிக்கடி வரும் வாசகம் இது. ஆவணத் திட்டங்கள் பற்றிய கலந்துரையாடல்களில் இதைக் கேட்கிறேன். நிதி கோரி அனுப்பப்படும் முன்மொழிவுகளில் இதை வாசிக்கிறேன். பழைய பத்திரிகைகள், வாக்குமூலங்கள், காணி உறுதிகள், ஊர்ச் சங்கக் குறிப்பேடுகள் என எதை எடுத்தாலும் "ஏற்றிவிடலாம்" என்பதே பதில். ஏற்றியதன் பிறகு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும், யார் யார் அதைத் தொடலாம், யார் அதை அழிப்பார் என்று கேட்டால் மட்டும் கூட்டத்தில் ஓர் அமைதி நிலவும்.

அந்த அமைதியைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன். நான் கணினி விஞ்ஞானி அல்லன். ஈய எழுத்துக் காலத்திலிருந்து செய்தி மேசையில் இருந்தவன். ஆயினும் ஓர் ஆவணம் கைமாறும்போது அதனை யார் தந்தார், யார் பெற்றார், பிரதி யாரிடம் உண்டு என்று கேட்பது எனது தொழில். அந்தக் கேள்விகளுடன் மாதிரி நிறுவனங்கள் வெளியிட்டுள்ள தொழில்நுட்ப விளக்கங்களை வாசித்தேன். அவை ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. எவரும் வாசிக்கலாம். நிரல் எழுதுவோரில் பலர் மாதிரி வரிகளைப் படியெடுத்துக்கொண்டு, கீழே உள்ள நிபந்தனைகளைத் தாண்டிப் போய்விடுகின்றனர் என்பதே எனது குற்றச்சாட்டு.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு பீடிஎப் கோப்பைப் பற்றி மாதிரியிடம் நிரல் வழியாக வினவ வேண்டுமாயின், முன்பு அந்தக் கோப்பு முழுவதையும் பேஸ்64 என்ற எழுத்துக் குறிமுறைக்கு மாற்றி வினாவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். இவ்வாறு மாற்றும்போது கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 மெகாபைற் கோப்பைப் பற்றி இருநூறு வினாக்கள் கேட்டால், இருநூறு தடவையும் அந்தச் சுமை இணையத்தில் பயணம் செய்ய வேண்டும். இணைய வேகம் குறைந்த ஊர்களில் இருந்து வேலை செய்வோருக்கு இது எத்தகைய தொல்லை என்று விளக்கத் தேவையில்லை.

இதற்குப் பரிகாரமாக வந்ததே கோப்புச் சேமிப்பு வசதி. கோப்பைத் தனியாக ஒரு தடவை நிறுவனத்தின் வழங்கிக்கு ஏற்றினால், ஓர் அடையாள எண் திரும்பி வரும். அடுத்தடுத்த கோரிக்கைகளில் கோப்புக்குப் பதிலாக அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஓபன்ஏஐ, கூகுளின் ஜெமினி, அந்த்ரோபிக் ஆகிய மூன்றும் இவ்வசதியைத் தருகின்றன. அந்த்ரோபிக் இதனை 2025 மே மாதத்தில் முன்னோட்டமாக அறிமுகப்படுத்தியது. பயனுள்ள வசதிதான், அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு "போதும்" என்ற சொல்லோடு.

அந்த எண்ணை எழுதியவுடன் என்ன நடக்கிறது? மாதிரி அந்தக் கோப்பை ஏற்கெனவே "படித்து" வைத்திருக்கிறது என்றும், நினைவில் இருந்து விடை சொல்கிறது என்றும் பலர் நம்புகின்றனர். முற்றிலும் தவறு. மாதிரிக்கு நேற்றைய வினா நினைவில் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையின் போதும் வழங்கியில் உள்ள கோப்பு எடுக்கப்பட்டு, முதற் பக்கத்திலிருந்து மாதிரியின் முன் மீண்டும் வைக்கப்படுகிறது. மிச்சமாவது நமது இணையப் பயணம் மட்டுமே. வாசிப்புக் கூலி மிச்சமாவதில்லை. கோப்பை ஏற்றுவதற்கோ வைத்திருப்பதற்கோ அந்த்ரோபிக்கும் கூகுளும் கட்டணம் அறவிடுவதில்லை. அதனை வினாவில் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளீட்டு டோக்கன் கணக்கில் கட்டணம் விழுகிறது.

ஒரு சிறு கணக்கு. பக்கத்துக்கு 2,000 டோக்கன் என்று கொண்டால் 40 பக்க ஆவணம் 80,000 டோக்கன். பத்து இலட்சம் டோக்கனுக்கு 3 டொலர் அறவிடும் ஒரு மாதிரியில் வினா ஒன்றுக்கு 24 சதம். ஐந்நூறு வினாவுக்கு 120 டொலர். தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விடக் கூடுதலான டோக்கன்களாக உடைக்கப்படுவதால் நமது ஆவணங்களுக்குக் கணக்கு மேலும் ஏறும். முன்சேமிப்பு என்று வேறொரு வசதி உண்டு. ஒரே உள்ளடக்கத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும்போது விலையைக் குறைப்பது அதுதான். அந்த்ரோபிக்கில் அதன் வழமையான ஆயுள் ஐந்து நிமிடம். மீள வாசிப்புக்கு வழமையான விலையில் பத்தில் ஒரு பங்கு. கோப்புச் சேமிப்பையும் முன்சேமிப்பையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, "கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஆகவே செலவில்லை" என்று முன்மொழிவில் எழுதி நிதி பெறுவோரும் உளர். பணம் போனால் போகட்டும். பணத்தை விடப் பெரிய விடயங்கள் உள்ளன.

ஏற்றிய கோப்பு எவ்வளவு காலம் அங்கே இருக்கும்? இங்கேதான் மூன்று நிறுவனங்களும் மூன்று விதம். கூகுளின் ஜெமினியில் 48 மணி நேரம். அதன் பின் தானாக அழிந்துவிடும். ஓபன்ஏஐயில், காலாவதித் தேதியை நாமே குறித்தால் அன்றி, பொதுவாக நாம் அழிக்கும் வரை இருக்கும். தொகுதி வேலைகளுக்காக ஏற்றும் கோப்புகள் மட்டும் 30 நாளில் காலாவதியாகும். அந்த்ரோபிக்கிலும் நாம் அழிக்கும் வரை இருக்கும். ஒன்றில் இரண்டு நாள். மற்றவற்றில் கணக்கை மூடும் வரை என்று கூடச் சொல்லலாம். ஒரே நிரலை இரண்டு மாதிரிகளுக்கும் மாற்றி மாற்றி ஓடவிடும் இளைஞர்கள், ஓரிடத்தில் தானாக அழிந்ததைப் பார்த்துவிட்டு, மற்ற இடத்திலும் அப்படியே நடந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். "எமது ஆவணங்கள் பாதுகாப்பாக வெளிநாட்டு வழங்கியில் உள்ளன" என்று ஓர் அமைப்பின் ஆண்டறிக்கையில் வாசித்தேன். பாதுகாப்பாம்! ஜெமினியில் ஏற்றிய கோப்பைத் திரும்பத் தரவிறக்க வழியில்லை. அந்த்ரோபிக்கிலும் நாம் ஏற்றியதை நாம் திரும்பப் பெற இயலாது. மாதிரி தனது நிரல் கருவியினால் உருவாக்கிய கோப்புகளை மட்டுமே இறக்கலாம். உள்ளே போகும், வெளியே வராது. இதற்கு ஆவணக் காப்பகம் என்று பெயர் சூட்டலாமா?

காப்பகம் என்ற சொல்லை நம்மவர் இலேசாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு வேறு எவரையும் விட நமக்குக் காரணம் உண்டு. 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் நடந்த வன்செயல்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. பிரதி இல்லாமையின் பொருள் என்னவென்று அறிந்த சமூகம் இது. அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் இலக்கம் உண்டு, விபரக் குறிப்பு உண்டு, உலகின் எம்மூலையில் இருக்கும் வாசகரும் இறக்கிப் படிக்கலாம். மாதிரி நிறுவனத்தின் கோப்புக் கிடங்கு வேலைக்கான மேசை. வேலை முடிந்தபின் தாள்களை மேசையில் விட்டுவிட்டு வீடு செல்வதைச் சேமிப்பு என்று அழைப்பது சொல்லையே கெடுப்பதாகும்.

அடுத்து, யார் தொடலாம் என்ற வினா. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

போரின் இறுதிக் காலத்தில் உறவுகளைத் தொலைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டிவரும் ஒரு புலம்பெயர் குழுவினர், அவற்றைச் சுருக்கி அட்டவணைப்படுத்துவதற்கு இத்தகைய நிரல் ஒன்றை அமைத்திருந்தனர். பெயர் வேண்டாம், நல்லெண்ணத்தில் குறைந்தவர்கள் அல்லர். ஆலோசனைக்காக என்னை அழைத்தனர். நிரலை எழுதிய தம்பி மிகுந்த உற்சாகத்துடன் திரையில் காட்டினார். ஏற்றப்பட்ட கோப்புகளின் பட்டியலை வரவழைக்கும் ஒரு வரியை ஓடவிட்டார். பட்டியல் வந்தது. கோப்பின் பெயர், அளவு, ஏற்றிய தேதி. கோப்பின் பெயராக அவர்கள் வைத்திருந்தது என்ன தெரியுமா? சாட்சி சொன்ன தாயின் பெயர், அதன் பின் கிராமத்தின் பெயர், அதன் பின் மகனின் பெயர்.

"இந்தப் பட்டியலை எத்தனை பேர் பார்க்கலாம் தம்பி?" என்றேன்.

"ஐயா, அது எங்கட கணக்கு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

"சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?"

அவர் விரல் விட்டு எண்ணினார். ஐந்து நாடுகளில் பதினொரு தொண்டர்கள். எல்லோரிடமும் ஒரே சாவி. அதில் இருவர் குழுவை விட்டு விலகி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. சாவி மாற்றப்படவில்லை.

இந்த வசதியின் விதி எளிமையானது. அந்த்ரோபிக்கின் விளக்கத்தின்படி, ஒரு பணிவெளியில் ஏற்றிய கோப்பை அதே பணிவெளியைச் சேர்ந்த எந்தச் சாவியினாலும் பயன்படுத்தலாம். கோப்பு ஏற்றியவருக்கு உரியது அன்று; பணிவெளிக்கு உரியது. சாவி வைத்திருப்பவர் பட்டியல் இடலாம், மாதிரியின் முன் வைத்து "இதில் உள்ள பெயர்கள் யாவற்றையும் சொல்" என்று கேட்கலாம், அழிக்கலாம். மேலே நான் சொன்னபடி தரவிறக்க முடியாது என்பது ஒரு பாதுகாப்பு என எவரேனும் நினைத்தால், இதைக் கவனியுங்கள்: வாசிக்கத் தெரிந்த ஒருவரை உள்ளே இருத்திவிட்டு, புத்தகத்தை வெளியே எடுக்க முடியாது என்று மகிழ்வதில் என்ன பயன்? கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

அந்தத் தாய் தனது வாக்குமூலத்தை யாரிடம் கொடுத்தார்? தன் வீட்டு விறாந்தையில் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெண்ணிடம். அவருடைய முகத்தை நம்பிக் கொடுத்தார். தனது கிராமத்தின் பெயரையும் தனது பெயரையும் ஒரு கோப்பின் தலைப்பாக்கி, ஐந்து நாடுகளில் பகிரப்பட்ட ஒரு சாவியின் கீழ் வைப்பதற்கு அவரிடம் எவரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பாகவே, செய்தி மூலத்தைக் காப்பது என்ற பழைய ஒழுக்கம் ஒன்று இருக்கிறது. பத்திரிகைப் பணிமனையில் மூலத்தின் பெயரை ஆசிரியரிடம் கூடச் சொல்ல மறுத்தவர்களுடன் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் யாரும் அதைக் கோப்பின் முகப்பில் எழுதி மேசையில் வைத்ததில்லை.

இன்னொரு விடயத்தைத் தொண்டர் அமைப்புகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். காசில்லாதவர்கள் இலவச வழியைத் தேடுவது இயல்பு. ஜெமினியின் கட்டணமில்லாச் சேவையில் அனுப்பப்படும் உள்ளடக்கத்தைக் கூகுள் தனது உற்பத்திகளை மேம்படுத்தப் பயன்படுத்தலாம். மனிதப் பரிசீலகர்களும் அதனை வாசிக்கக் கூடும். இரகசியமான, தனிப்பட்ட தகவல்களை அச்சேவைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவர்களது நிபந்தனையே வெளிப்படையாகக் கூறுகிறது. கட்டணம் செலுத்தினால் நிலை வேறு. ஐரோப்பியப் பொருளாதார வலயம், சுவிற்சர்லாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகியவற்றில் இருப்போருக்கு இலவசச் சேவையிலும் கட்டணச் சேவைக்குரிய தரவு நிபந்தனையே பொருந்தும் என்றும் அதில் உண்டு. ஆக, ஒரே வாக்குமூலத்தை இலண்டனில் இருக்கும் தொண்டர் ஏற்றினால் ஒரு பாதுகாப்பு. கிளிநொச்சியில் இருக்கும் தொண்டர் ஏற்றினால் வேறொன்று. யாருடைய துயரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதோ அவரது ஊருக்குத்தான் குறைந்த பாதுகாப்பு!

இத்தகைய கேள்விகளை எழுப்பினால் வரும் வழமையான பதில், "அழித்துவிட்டால் சரிதானே?" என்பது. அழிக்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் அழித்தல் என்பது நமது கட்டளை மட்டும் அன்று, மற்றவரின் கீழ்ப்படிவும் கூட. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2023 டிசம்பரில் ஓபன்ஏஐ மீதும் மைக்ரோசொப்ற் மீதும் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் 2025 மே 13 ஆம் திகதி நீதவான் ஓனா வாங் ஒரு கட்டளை பிறப்பித்தார்: வழமையாக அழிக்கப்பட வேண்டிய வெளியீட்டுப் பதிவுகளையும் அழிக்காமல் பேணி வைக்க வேண்டும் என்று. ஏபிஐ வழியாகப் பெற்ற விடைகளும், தரவைத் தேக்காமை பற்றிச் சிறப்பு ஒப்பந்தம் செய்தோருடையவை நீங்கலாக, அதனுள் அடங்கின. அந்தப் பொதுக் கடப்பாடு 2025 செப்ரெம்பர் 26 வரை நீடித்தது. நியூயோர்க்கில் இரு பெரும் நிறுவனங்கள் மோதிக்கொள்ள, உலகெங்கும் உள்ளவர்கள் அழித்ததாக எண்ணிய விடைகள் மாதக்கணக்கில் அழியாமல் இருந்தன. பத்திரிகையின் உரிமைக் கோரிக்கையில் எனக்கு அனுதாபம் உண்டு. நானும் எழுதிப் பிழைத்தவன். ஆயினும் மூலங்களைக் காப்பதில் பேர்பெற்ற ஒரு பத்திரிகையின் வழக்கில் இப்படி ஒரு கட்டளை பிறந்ததை எண்ணிப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை.

அக்கட்டளை விடைகள் பற்றியது; ஏற்றிய கோப்புகள் பற்றியது அன்று என்று ஒருவர் வாதிடலாம். சரி. வாக்குமூலத்தைச் சுருக்கித் தரச் சொன்னால், சுருக்கம்தானே விடை? பெயரும் ஊரும் சம்பவமும் அதில்தானே இருக்கின்றன? மேலும், தரவைத் தேக்காமைக்கான ஒப்பந்தம் செய்துகொண்டோம் என்று ஆறுதல் அடைவோருக்கு ஒரு சொல்: அந்த்ரோபிக்கின் கோப்புச் சேமிப்பு வசதிக்கு அவ்வொப்பந்தம் பொருந்தாது என்று அந்நிறுவனமே எழுதிவைத்துள்ளது. பொருந்தவும் முடியாது. வைத்திரு என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, வைத்திருக்காதே என்று மறு கையால் ஒப்பமிட இயலுமா?

இனி, இரகசியமே இல்லாத ஆவணங்களுக்கு வருவோம். பழைய பத்திரிகை, வர்த்தமானி, ஆண்டறிக்கை போன்றவை. இவற்றில் கேடு வேறு வழியில் வருகிறது.

இலங்கையில் தமிழில் கணினி அச்சுக்கோப்பு பரவிய காலத்தில் 'பாமினி' எழுத்துருவே கோலோச்சியது. ஒருங்குறி வந்த பின்னரும் அது ஓயவில்லை. பாமினியில் ஆக்கிய பீடிஎப் கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். மாதிரிக்குக் கொடுக்கும்போது பக்கத்தின் படமும், உள்ளிருந்து உருவிய எழுத்தும் இரண்டும் செல்லும் முறை உண்டு. அப்படியாயின் படம் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும். மாதிரி ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். கோப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தேடும் முறையிலோ எழுத்து மட்டுமே அடிப்படை. அங்கே நமது ஆவணம் வெறும் குப்பை. இதில் கொடுமை என்னவெனில், மாதிரி அதை எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. தெரிந்த இரண்டு பெயர்ச்சொற்களைக் கொண்டு அழகான ஒரு பந்தியை எழுதித் தந்துவிடும். ஏற்றியவருக்கு மகிழ்ச்சி. கோப்பு ஒருமுறைதான் ஏற்றப்பட்டது. பிழையோ ஒவ்வொரு வினாவிலும் புதிதாகப் பிறக்கிறது.

ஏற்றிய கோப்பில் திருத்தம் செய்யவும் முடியாது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதானாலும் புதிய கோப்பை ஏற்றிப் புதிய எண்ணைப் பெற வேண்டும். பழைய எண் உயிருடன் இருக்கும். நிரலில் அதை எழுதிவைத்த இடமெல்லாம் பழையதையே அழைக்கும். ஈய எழுத்துக் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் விளம்பரங்களைக் கலைக்காமல் நூலால் கட்டி ஓரமாக வைத்திருப்போம். தேவைப்படும்போது எடுத்து அப்படியே அச்சுச் சட்டத்தில் பொருத்தலாம். வசதிதான். ஆனால் கூட்டம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு அதே கூட்டத்துக்கு அழைப்பு வெளிவந்த கதைகள் எல்லாப் பணிமனையிலும் உண்டு. அச்சுக்கோப்பாளர் அந்தக் கட்டை கையில் எடுத்துத் தூக்கியாவது பார்ப்பார். தலைகீழாக இருந்தாலும் வாசித்துவிடுவார். இருபத்துச் சொச்சம் எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் அடையாள எண்ணைப் பார்த்து, இது திருத்திய பட்டியலா திருத்தாத பட்டியலா என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்?

காணாமற்போனோர் பட்டியல் ஒன்றில் ஒரு பெயர் பிழையாக இருந்து, குடும்பத்தார் சுட்டிக்காட்டி, குழு திருத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருத்திய கோப்பு தொண்டரின் கணினியில் உள்ளது. நிரல் அழைப்பதோ பழைய எண்ணை. மறுநாளே வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவருக்கு அனுப்பும் அறிக்கையில் பழைய பிழை மீண்டும் வரும். ஒரு பெயர்ப் பிழைக்காக முழுப் பட்டியலையும் பொய் என்று சொல்லக் காத்திருப்போர் இந்த நாட்டில் இல்லையா?

ஆகவே நான் கேட்பது வசதியைக் கைவிடுமாறு அன்று. கணக்கு வைக்குமாறு கேட்கிறேன். கோப்பை ஏற்றும் ஒவ்வொரு நிரலும் கூடவே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்த எண், எந்த மூலக் கோப்பு, எந்தப் பதிப்பு, எவர் ஏற்றினார், எதற்காக, எப்போது அழிக்கப்படும். கோப்பின் பெயர் வெறும் இலக்கமாக இருக்கட்டும்; இலக்கத்துக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு ஒரு பெட்டகத்தில் இருக்கட்டும், வழங்கியில் வேண்டாம். வாக்குமூலத் திட்டத்துக்கும் பத்திரிகைத் திட்டத்துக்கும் ஒரே பணிவெளி கூடாது. ஆளுக்கொரு சாவி, விலகியவரின் சாவி அன்றே செல்லாமல் ஆக வேண்டும். காலாவதி குறிக்கும் வசதி இருக்கும் இடத்தில் குறிக்க வேண்டும். இல்லாத இடத்தில் வேலை முடிந்ததும் நிரலே அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பாமினிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றி, ஒரு மனிதர் ஒப்புநோக்கிய பிறகே ஏற்ற வேண்டும். உயிருடன் இருக்கும் ஒருவருக்கு ஆபத்தை வரவழைக்கக்கூடிய வாக்குமூலத்தை ஏற்றவே கூடாது. அதைச் சுருக்குவதற்கு ஒரு மனிதருக்கு எத்தனை நாள் பிடிக்குமோ அத்தனை நாள் பிடிக்கட்டும்.

"இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும் ஐயா" என்று அந்தத் தம்பி சொன்னார். குறைக்கும். அந்தத் தாய்மார் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். ஒரு நிரல் சில நொடிகள் காத்திருப்பதால் அவர்களுக்கு நட்டமில்லை.

கடைசியாக, இத்திட்டங்களுக்குப் பணம் தரும் புலம்பெயர் அன்பர்களுக்கு. உங்களுக்கு அனுப்பப்படும் அறிக்கைகளில் எத்தனை ஆயிரம் பக்கங்கள் ஏற்றப்பட்டன என்ற எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு மயங்க வேண்டாம். ஏற்றியவற்றில் எத்தனை இப்போதும் வழங்கியில் இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டன, சாவி யார் யாரிடம் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியலை வரவழைப்பதற்குத் தேவை நிரலில் ஒரே ஒரு வரி. பத்து நிமிட வேலை. அடுத்த தவணைப் பணம் அந்தப் பட்டியல் வந்த பிறகு போகட்டும்.